பட அட்டவணையும் சமூகக் கதையும்: ஆட்டிசம் உள்ள பிள்ளை முகாமில் தங்கப் போகும் முன்

அமெரிக்காவில் கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்கு மேல் நீளும். அந்த நாட்களில் பிள்ளையை ஒரு வாரமோ அதற்கு மேலோ காட்டோர முகாமில் தங்க அனுப்புவது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். பல முகாம்களில் ஞாயிறு மதியம் கொண்டுபோய் விட்டு, வெள்ளிக்கிழமை கூட்டி வருவார்கள். இடைப்பட்ட நாட்களில் பிள்ளை முன்பின் தெரியாத பிள்ளைகளோடு மரக் குடிலில் அடுக்குக் கட்டிலில் தூங்கும். மேசையைத் தட்டிப் பாட்டுப் பாடும் பெரிய கூடத்தில் சாப்பிடும். ஏரியில் நீந்தும், இரவில் தீயைச் சுற்றி உட்காரும். பெரும்பாலும் கல்லூரி வயது இளைஞர்களே ‘கவுன்சிலர்’ என்ற பெயரில் குடிலில் உடன் தங்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதில் எதுவும் எளிதில்லை. படுக்கை வேறு, வாசனை வேறு, சாப்பாடு வேறு. கொசு மருந்தும் வெயில் களிம்பும் தோலில் ஒட்டும் உணர்வே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. ஆனாலும் அனுப்ப வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரின் பக்கமே நான் நிற்கிறேன். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2022ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு வெளியிட்ட கணக்கில், எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். இத்தனை பிள்ளைகளுக்குக் கோடையின் பெரிய இன்பம் ஒன்றை மூடி வைப்பதில் நியாயம் இல்லை.

முகாமுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சிறப்பாசிரியர்களும் சிகிச்சையாளர்களும் இரண்டைச் சேர்த்தே சொல்வார்கள்: நாளின் நிகழ்வுகளைப் படங்களாக வரிசையில் காட்டும் பட அட்டவணை ஒன்று, ஒரு சூழ்நிலையைப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்கி எழுதும் சமூகக் கதை ஒன்று. சேர்த்தே சொல்வதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணம் படிந்துவிட்டது. கதையை ஒரு மாலையில் எழுதிப் படங்களை ஒட்டி முடித்துவிடலாம் என்பதால், அதை எழுதியதோடு தயாரிப்பு முடிந்தது என்று நிற்கும் வீடுகள் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஒரு வாரத்தைத் தாங்கப் போவது அட்டவணை. கதை கூர்மையான கருவிதான், ஆனால் அதன் வேலை குறுகியது, அதை எழுதுவதில் கவனமும் அதிகம் வேண்டும்.

இரண்டும் பிறந்த இடங்களே அவற்றின் குணத்தைச் சொல்லும். ஆட்டிசக் கல்வியில் பட அட்டவணைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம். அதன் பின்னால் நின்றவர் எரிக் ஷாப்லர். 1927இல் ஜெர்மனியின் ஃபியூர்த் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். அவர் படித்த சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அப்போது ப்ரூனோ பெட்டல்ஹைமின் குரல் ஓங்கியிருந்தது. பெற்றோரின் பாசமின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம், பிள்ளையை அவர்களிடமிருந்து பிரித்து வைத்தே குணப்படுத்த வேண்டும் என்பது பெட்டல்ஹைமின் வாதம். எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஷாப்லர் அதை எதிர்த்தார். பெற்றோரையே உடன் சிகிச்சையாளர்களாக அமர்த்தினார். ராபர்ட் ரைக்லரோடு சேர்ந்து அவர் நடத்திய ஆய்வுப் பணியை 1972இல் வட கரோலினாச் சட்டமன்றம் மாநிலம் முழுமைக்குமான திட்டமாக்கியது. ‘டீச்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது அதுதான். பிள்ளையைத் திருத்தக் கிளம்பும் முன் அது இருக்கும் இடத்தையும் அதன் நாளையும் அதற்குப் புரியும்படி அமைத்துக் கொடு என்பது அதன் அடிநாதம்.

சமூகக் கதை பிறந்தது இருபது ஆண்டு கழித்து, மிச்சிகன் மாநிலத்தில். ஜெனிசன் பள்ளிகளில் பணியாற்றிய கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். ஜாய் கராண்டோடு சேர்ந்து 1993இல் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. மற்றப் பிள்ளைகள் சொல்லாமலே உள்வாங்கிக்கொள்ளும் செய்திகள் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கிடைக்காமல் போகின்றன, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நாமும் சொல்லாமல் விடுகிறோம் என்பது கிரே கண்ட உண்மை. விடுபட்ட அந்தச் செய்தியைப் பொறுமையாக, மரியாதையாக எழுதித் தருவதே கதையின் வேலை. ஆக, ஷாப்லர் வழி வந்தது நேரத்தையும் இடத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. கிரே தந்தது மனிதர்களின் நடத்தையை விளக்குகிறது.

முகாமில் அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எழுந்திருப்பது, கொடியேற்றம், காலை உணவு, கைவேலை, நீச்சல், மதிய உணவு, ஓய்வு நேரம் என்று நாள் முழுவதும் படங்களாக வரிசையில் இருக்கும். ஒன்று முடிந்ததும் அதைக் கழற்றி ‘முடிந்தது’ பைக்குள் போட வேண்டும். கழற்றிப் போடும் அந்தச் செயலில்தான் உயிர் இருக்கிறது. கைவேலை தீர்ந்துவிட்டது, இனி வராது, அடுத்துக் கண்முன் இருப்பது நீச்சல் என்பதைப் பிள்ளை கையாலேயே அறிந்துகொள்கிறது. வாயால் சொன்னது காற்றில் போய்விடும். படமோ, பிள்ளை எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்லும். மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போன பத்தொன்பது வயதுக் கவுன்சிலரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

அட்டவணையின் படிநிலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பொருள், புகைப்படம், கோட்டுப் படம், எழுத்து என அதற்குப் பல நிலைகள் உண்டு. பொருள் நிலையில் துண்டைக் கையில் கொடுத்தால் நீச்சல், கரண்டியைக் கொடுத்தால் சாப்பாடு. வீட்டில் எழுத்துப் பட்டியலை வாசித்து நடக்கும் பிள்ளைக்கு முகாமுக்கும் எழுத்துப் பட்டியலே போதும் என்று பெற்றோர் நினைப்பார்கள். ஆனால் தூக்கம் கெட்டு, சத்தத்தில் மிரண்டு நிற்கும்போது அதே பிள்ளையால் எழுத்தை வாசிக்க முடியாமல் போகலாம். நல்ல நாளில் எது புரியும் என்று பார்த்து நிலையைத் தீர்மானிக்கக் கூடாது, மோசமான நாளிலும் எது புரியும் என்று பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் முகாமுக்கு ஒரு படி இறங்கிப் புகைப்படம் வைப்பது அதன் தகுதியைக் குறைப்பதாகாது. படங்கள் அந்த முகாமின் சொந்தப் படங்களாக இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு ஏரியைக் காட்டினால், அந்த ஏரி எங்கே என்று பிள்ளை கேட்கும். அட்டைகளைத் தண்ணீர் புகாமல் லேமினேட் செய்து, வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டும்படி செய்தால் ஏரிக்கரைக்கும் கூடவே போகும்.

சமூகக் கதையை எழுதுவது வேறு கலை. கிரே அதற்குக் கறாரான விதிகள் வகுத்திருக்கிறார். ‘நீ’ என்று பிள்ளையைப் பார்த்துப் பேசக் கூடாது; ‘நான்’ என்றோ படர்க்கையிலோதான் எழுத வேண்டும். என்ன செய்யலாம் என்று வழிகாட்டும் வாக்கியம் ஒன்று இருந்தால், நிலைமையை விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ‘எப்போதும்’ என்பதைவிட ‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’ என்று எழுதுவது நல்லது. இந்த விதிகளை அறியாமல் எழுதும் கதை எப்படி இருக்கும்?

‘சாப்பாட்டுக் கூடத்தில் சத்தமாக இருக்கும். நீ காதைப் பொத்திக்கொண்டு கத்தக் கூடாது. அமைதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நல்ல பிள்ளைகள் அழ மாட்டார்கள்.’

இதில் கதை ஏது? கட்டளைகளுக்குப் படம் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சத்தம் ஏன் வருகிறது, எப்போது ஓயும் என்ற செய்தி எதுவும் இல்லை. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

‘முகாமில் எல்லோரும் பெரிய கூடத்தில் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் பெரும்பாலும் பாட்டுப் பாடுவார்கள். சிலர் தாளத்துக்கு மேசையைத் தட்டுவார்கள். சேர்ந்து பாடுவது பலருக்குச் சந்தோஷம். சிலருக்கு அந்தச் சத்தம் அதிகமாகத் தெரியும். எனக்குச் சத்தம் அதிகமாக இருந்தால் நீல அட்டையைக் காட்டலாம். அட்டையைப் பார்த்ததும் கவுன்சிலர் என்னை வெளியே உள்ள பெஞ்சுக்குக் கூட்டிப் போவார். பாட்டு முடிந்ததும் உள்ளே வரலாம்.’

இரண்டாவது கதையில் ஒரு வாக்குறுதி இருக்கிறது: கவுன்சிலர் வெளியே கூட்டிப் போவார். அவர் அப்படிச் செய்வாரா என்று முகாமில் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் அந்த வரியை எழுதக் கூடாது. எழுத்தில் கண்டதை இம்மி பிசகாமல் நம்பும் பிள்ளைகள் இவர்கள். நீல அட்டையைக் காட்டியபோது ‘கொஞ்சம் பொறு’ என்று பதில் வந்தால், அந்த ஒரு வரியோடு மற்ற வரிகளின் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். பொய்த்துப்போகும் கதையைப் படித்துவிட்டுப் போவதைவிட, கதையே படிக்காமல் போவது மேல்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் ஏரிக்கரை. அமெரிக்க முகாம்களில் நீந்தும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விடுவது வழக்கம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காவலர் விசில் ஊதுவார். ஊதியதும் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்தி, தத்தம் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். எண்ணிக்கை சரியானபின் மறுபடி விளையாடலாம். உயிர் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? காதைக் கிழிக்கும் விசில், முன்பின் தெரியாத ஒருவன் சட்டென்று கையைப் பிடிக்கிறான், எல்லோரும் சிலையாகிறார்கள், காரணம் யாரும் சொல்வதில்லை. அட்டவணையால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதில் ‘நீச்சல்’ என்று ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. விசில் எப்போது வரும் என்று வரிசைப்படுத்தவும் இயலாது. விசில் ஏன் ஊதுகிறார்கள், ஜோடி ஏன் கையைப் பிடிக்கிறான், எத்தனை நேரம் நிற்க வேண்டும், அதன்பின் என்ன நடக்கும் என்பதையெல்லாம் சொல்லக் கதையால் மட்டுமே முடியும். முகாமுக்கு ஒரே ஒரு கதைதான் எழுத நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எழுதச் சொல்வேன். எழுதிப் படித்ததோடு நில்லாமல், ஊர் நீச்சல் குளத்தில் அண்ணனையோ தங்கையையோ ஜோடியாக்கி, விசில் ஊதி ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

இடி இடித்தால் நிலைமை தலைகீழாகும். இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக் கூடாது என்பது அங்கே பரவலான பாதுகாப்பு விதி. காலையிலிருந்து நீச்சலுக்காகக் காத்திருந்த பிள்ளையிடம், மழை பெய்தால் திட்டம் மாறலாம் என்று வீட்டில் படித்த கதை அந்த நேரத்தில் எடுபடாது. கையில் இருக்கும் அட்டவணையில் நீச்சல் படத்தை எடுத்துவிட்டு, ‘மாற்றம்’ என்ற அட்டையை வைத்து, அதன் பக்கத்தில் உள்ளே விளையாடும் படத்தை மாட்டினால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமாக, நீச்சல் படத்தைத் தூக்கி எறியாமல் நாளைய வரிசைக்கு மாற்றிக் காட்ட வேண்டும். ‘மாற்றம்’ அட்டையை வீட்டிலேயே பழக்கியிருந்தால்தான் இது நடக்கும். முதலில் மகிழ்ச்சியான மாற்றங்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும்: வீட்டுப்பாடத்தை எடுத்துவிட்டு ஐஸ்கிரீம் வைப்பது போல. அட்டையைக் கண்டாலே கெட்ட செய்தி என்று பிள்ளை பழகிவிட்டால் அது உதவாது.

வீட்டு நினைவுக்கு இரண்டும் வேண்டும், வேறு வேறு வகையில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் இதழில் 2007இல் கிறிஸ்டோபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் வீட்டு ஏக்கத்தைப் பற்றி எழுதிய வழிகாட்டுதல் பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்குமானது. போகும் முன் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கிப் பழக வேண்டும், ‘பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிப் போகிறேன்’ என்று பேரம் பேசிவிட்டு அனுப்பக் கூடாது என்பவை அதில் முக்கியம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் அந்த வாக்குறுதி கதைக்குள் ஏறிவிட்டால் பிள்ளை அதை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும். ‘அம்மா நினைவு வரும், எல்லோருக்கும் வரும், வந்தால் அம்மா படத்தைப் பார்க்கலாம்’ என்று மட்டும் கதையில் இருக்கட்டும். ‘அம்மா எப்போது வருவாள்’ என்பதற்குப் பதில் சொல்லும் வேலையை அட்டவணை செய்யட்டும்: ஐந்து இரவுகளுக்கு ஐந்து நிலாக்கள், கடைசி நிலாவுக்குப் பிறகு வீட்டுக் காரின் புகைப்படம். இரவுக்கு ஒன்றாகக் கழற்றப்படும் நிலாவைப் போல அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் தரும் சொல் எதுவும் நம்மிடம் இல்லை.

ஒரு விஷயத்தில் இரண்டையுமே நம்பக் கூடாது. 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது யாருக்கும் தெரியாமல் வெளியேற முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளுக்கு நீர்நிலைகள் பெரும் ஆபத்து. முகாமிலோ ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ‘தனியாக ஏரிக்குப் போவதில்லை’ என்று கதை எழுதிவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. வெளியேறும் பழக்கம் உண்டு என்பதை முகாமிடம் மறைக்காமல் சொல்லி, இரவில் குடில் வாசலை யார் பார்ப்பார், காணவில்லை என்றால் முதலில் ஏரிக்கு ஓடுவது யார் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் மறைக்கும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறைக்கவே கூடாதது இது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சேப்பல் ஹில் ஆய்வாளர்கள் 2014இலும் 2020இலும் ஆட்டிசத்துக்கான ஆய்வுகளைத் தொகுத்து, சான்றுள்ள வழிமுறைகள் என முதலில் 27, பிறகு 28 முறைகளைப் பட்டியலிட்டார்கள். காட்சி உதவிகள், சமூகக் கதைகள் இரண்டுமே இரு பட்டியல்களிலும் உண்டு. பட்டியலோடு நின்றால் இரண்டும் சமம் என்று தோன்றும். ஆனால் பிரிட்டனில் யார்க் ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிகளில் நடத்திய பெரிய சோதனை இன்னொன்றைக் காட்டியது. சமூகக் கதை படித்த பிள்ளைகளின் பொதுவான சமூகத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கென்றே வைத்த குறிப்பிட்ட இலக்கை எட்டுவதில் மட்டும் முன்னேற்றம் இருந்தது. முகாமுக்குக் கதை எழுதுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ‘நான் முகாமுக்குப் போகிறேன்’ என்று முப்பது பக்கத்துக்கு எல்லாவற்றையும் அடக்கி எழுதும் கதை அழகான நினைவுப் புத்தகமாகலாம். வேலை செய்வது விசிலைப் பற்றிய ஒரு பக்கம், பொதுக் குளியலறையைப் பற்றிய ஒரு பக்கம்.

எந்த முகாம் என்பதைப் பொறுத்து உழைப்பை எங்கே போடுவது என்பதும் மாறும். வட கரோலினாவில் சாட்டம் கவுண்டியில் உள்ள கேம்ப் ராயல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே அம்மாநில ஆட்டிசச் சங்கம் நடத்துவது. சங்கத்தின் கோடை முகாம் தொடங்கியது 1972இல், டீச் மாநிலத் திட்டமான அதே ஆண்டில். ஒருவருக்கு ஒருவர், அல்லது இருவருக்கு ஒருவர் என்று அங்கே கவுன்சிலர்கள் இருப்பார்கள். அட்டவணை என்பது அவர்கள் அன்றாடம் புழங்கும் மொழி. அங்கே அனுப்பும் பெற்றோர், வீட்டில் எந்த நிலைப் படம் பழக்கம் என்று சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை இரவுத் தங்கலைப் பழக்குவதிலும் ஓரிரு கதைகளிலும் செலவிடலாம். எல்லாப் பிள்ளைகளும் போகும் சாதாரண முகாமில் அட்டவணையை நாமே கட்டி, நாமே கற்றுக்கொடுத்து, கவுன்சிலரின் கையில் ஒப்படைக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் தனியார் முகாம்களுக்கும் பொருந்தும், மத அமைப்புகள் நடத்துபவை தவிர. நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டிய கடமை முகாமுக்கு உண்டு. ஒரு படச்சரத்தை இடுப்பில் மாட்டிக்கொள்ளவும் நாளுக்கு ஒருமுறை அதை அடுக்கித் தரவும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கேரி, மோரிஸ்வில் போன்ற வட கரோலினா ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: கதையை எந்த மொழியில் எழுதுவது? வீட்டில் பிள்ளைக்கு ஆறுதல் தரும் மொழி தமிழென்றால் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முகாமில் காதில் விழப்போகும் ‘லைட்ஸ் அவுட்’ (விளக்கணைக்கும் நேரம்), ‘படி செக்’ (ஏரியில் ஜோடிகளை எண்ணுவது) போன்றவற்றை அப்படியே உள்ளே வைக்க வேண்டும். அந்தச் சத்தம் வரும்போதுதான் கதை பிள்ளைக்கு நினைவு வர வேண்டும். அட்டவணையில் இந்தச் சிக்கலே இல்லை. சாப்பாடு வேறு சிக்கல்: தயிர்சாதம் இல்லாத ஒரு வாரத்தை இரண்டில் எதுவும் சரிசெய்யாது. பிள்ளை நிச்சயமாகச் சாப்பிடும் நான்கைந்து பொருட்களை முகாமின் சமையலறையோடு முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்வதுதான் வழி.

வெள்ளிக்கிழமை பிள்ளை திரும்பியபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் விட்டுவிடுவது. ஒரு பிள்ளைக்கு எழுதும் கதைகளில் பாதியாவது அது நன்றாகச் செய்ததைப் பாராட்டுபவையாக இருக்க வேண்டும் என்று கிரே வலியுறுத்தினார். தடுமாறும் இடங்களுக்கு மட்டுமே கதை எழுதினால், கதை என்றாலே தன் குறையைச் சொல்லும் காகிதம் என்று பிள்ளை நினைத்துவிடும். ஆகவே கவுன்சிலரிடம் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசி, நடந்தவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: செவ்வாய்க்கிழமை விசில் ஊதியபோது கையைத் தூக்கி நின்றான், புதன்கிழமை நீல அட்டையைத் தானே காட்டினான், வியாழனன்று குடிலில் ஒருவனுக்குத் தன் டார்ச் விளக்கைக் கொடுத்தான். அந்த வார இறுதியிலேயே, நினைவு ஆறும் முன், அதைக் கதையாக்கிக் கொடுக்க வேண்டும். அட்டவணை அட்டைகளை வளையத்தோடு பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த கோடையில் பாதி வேலை மிச்சம்.